சோத்துக்குக் காத்து போதும், கறிக்குப் பூச்சி வேணும்

(வண்ணத்துப்பூச்சிகளையும் தேனீக்களையும் கருப்பொருளாகக் கொண்டு, தோட்டத்துப் பிள்ளை மடுவ மைதானத்தில் நடைபெற்ற குடும்ப விழாவில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இந்த விழாவுக்கு லயம் லயமாகப் போய் அழைப்புச் சொன்னபோது பல பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "குளவிக்கு விழாவா? மலையில எங்களைக் கொட்டுற சாமானுக்கு மாலை போடணுமா?" என்றார்கள். நியாயமான கேள்வி. கொழுந்து பறிக்கப் போன இடத்தில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்ற செய்தி வராத வருஷம் மலையகத்தில் கிடையாது. உயிரைப் பறிகொடுத்த குடும்பங்களும் உண்டு. ஆகவே இதைச் சிரித்து மழுப்பக் கூடாது. பூச்சியால் நமக்கு என்ன கிடைக்கிறது, எந்தப் பூச்சிக்குப் பயப்பட வேண்டும், அதனிடமிருந்து எப்படித் தப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

தட்டிலிருந்து தொடங்குவோம்

நேற்று இரவு உங்கள் வீட்டில் என்ன சாப்பாடு? சோறு, இல்லாவிட்டால் ரொட்டி. நெல்லும் கோதுமையும் பூப்பது நமக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பூவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை, தேனும் இல்லை. தன் மகரந்தத்திலேயே அது மணி பிடித்துவிடும். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். ஆகவே சோத்துக்குக் காத்து போதும்.

ஆனால் அந்தச் சோற்றுக்கு வைத்த பூசணிக்காய்க் கறி அப்படி வந்ததில்லை. பாவக்காய், வெள்ளரிக்காய், கொய்யா, பட்டர் புரூட், பெசன் புரூட் எல்லாவற்றுக்கும் ஒரு பூச்சி வந்து பூவைத் தொட வேண்டும். கேரட், கோவா, லீக்ஸ் எல்லாம் நாம் கிழங்காக, இலையாகச் சாப்பிடுகிறோம். ஆனால் கடையில் வாங்கும் அதன் விதை, எங்கோ ஒரு விதைத் தோட்டத்தில் பூச்சி வந்து போனதால்தான் கிடைக்கிறது. உலகத்தில் மனிதர் உண்ணும் முக்கியமான பயிர்வகைகளில் நாலில் மூன்று பங்கு ஏதோ ஒரு அளவில் பூச்சி, பறவை, வௌவால் போன்ற பிராணிகளை நம்பி இருக்கின்றன என்று விஞ்ஞானிகள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே கறிக்குப் பூச்சி வேணும்.

இதை நான் ஏன் சொல்கிறேன்? 2022ஆம் ஆண்டை நாங்கள் யாரும் மறக்கவில்லை. அந்த வருஷம் செப்டெம்பர் மாதத்தில் உணவுப் பொருட்களின் பணவீக்கம் நூற்றுக்கு 90ஐத் தாண்டியது. மரக்கறி வாங்க முடியாமல் வெறும் ரொட்டியும் சம்பலுமாக நாள் போக்கிய வீடுகள் எத்தனை? அப்போது லயத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னத் துண்டு நிலம்தான் பல பிள்ளைகளின் தட்டில் பச்சையும் மஞ்சளும் போட்டது. அந்தத் தோட்டத்தில் காய் பிடிக்குமா, பிடிக்காதா என்பது நமக்கு விளையாட்டுக் காரியம் இல்லை. வளரும் பிள்ளைக்கு வேண்டிய சத்து அதில் இருக்கிறது.

பூசணிப் பிஞ்சு ஏன் உதிர்கிறது?

வீட்டுத் தோட்டம் போட்ட அம்மாமார் என்னிடம் சொல்லும் பெரிய முறைப்பாடு இதுதான். "கொடி நல்லாத்தான் போகுது, பூவும் நிறையப் பூக்குது, பிஞ்சு விட்ட மூணு நாலு நாள்ல மஞ்சளாகி விழுந்திடுது. யாரோ கண்ணு வச்சிட்டாங்க" என்பார்கள். கண்ணும் இல்லை, செய்வினையும் இல்லை. பூச்சி வரவில்லை, அவ்வளவுதான்.

பூசணிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. நீளக் காம்பில் நிமிர்ந்து நிற்பது ஆண் பூ. இதழுக்குக் கீழே சின்ன உருண்டைப் பிஞ்சோடு இருப்பது பெண் பூ. ஆண் பூவின் மகரந்தம் பெரிசு, பாரம், கையில் ஒட்டும். காற்று அதைத் தூக்காது. ஒரு தேனீ ஆண் பூவில் புரண்டு, மஞ்சள் பூசிக்கொண்டு பெண் பூவுக்குப் போக வேண்டும். அதுவும் விடியற்காலை பூத்து, மத்தியானத்துக்கு முன்னால் பூ மூடிக்கொள்ளும். அந்த அரை நாளுக்குள் தேனீ வரவில்லையென்றால் அந்தப் பிஞ்சின் கதை முடிந்தது.

தேனீ வராத இடத்தில் நீங்களே தேனீயாகலாம். காலையில் பிரட்டுக்குப் போகுமுன் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்துப்போட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். காலை ஒன்பது மணிக்கு முன்னால் செய்துவிட வேண்டும். செய்து பார்த்தால், ஒரு தேனீ நாள் முழுவதும் சம்பளம் இல்லாமல் செய்யும் வேலை எவ்வளவு என்று தெரியும்.

புடலங்காய்க்கு வேறு ஆள். அதன் பூ நூல் நூலாக, வெள்ளையாக, பொழுது சாய்ந்த பிறகுதான் விரியும். அதற்கு வருவது அந்துப்பூச்சி. இராத்திரி லைட்டைச் சுற்றி வரும் அந்துப்பூச்சியைக் கண்டால் நாங்கள் செருப்பைத் தூக்குகிறோம். அதில் சில, நாளைக்குக் காய்க்கப் போகும் புடலங்காய்க்காக வந்தவை.

நம்ம மலை பச்சை, ஆனா பூச்சிக்குப் பசி

கண்ணுக்கெட்டின தூரம் தேயிலை. பார்க்கிறவனுக்கு அழகு. ஆனால் தேனீயின் கண்ணால் பாருங்கள். பூக்க விடாமல் கிழமைக்குக் கிழமை கொழுந்து எடுக்கிறோம், காலத்துக்குக் கவ்வாத்து வெட்டுகிறோம். அத்தனை ஏக்கரிலும் அதற்குச் சாப்பாடு கொஞ்சம்தான். அது பிழைப்பது ஓடைக்கரையில், டர்பன்டைன் மரத்தில், கைவிட்ட மலையில், கோயில் பூமரத்தில், உங்கள் லயத்து முன்வாசலில். அந்தப் பூவும் போனால் அது வேறு இடம் பார்த்துப் போய்விடும்.

தேயிலையே பூச்சியின் பிள்ளை என்று சொன்னால் நம்புவீர்களா? 1867இல் ஜேம்ஸ் டெயிலர் துரை லூல்கந்துரவில் தேயிலையை முதன்முதலாகத் தோட்டப் பயிராகப் போட்டார். அந்தக் காலத்து மலையெல்லாம் விதை போட்டு வளர்த்தது. தேயிலைப் பூ வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு செடியின் மகரந்தம் அதே செடிக்கு அநேகமாகப் பிடிக்காது. இன்னொரு செடியிலிருந்து பூச்சி கொண்டுவர வேண்டும். அப்படிப் பிடித்த விதையில்தான் நமது பாட்டன் பூட்டன் நட்ட மலைகள் உண்டாயின. விதைத் தேயிலை மலையில் ஒரு செடி போல இன்னொரு செடி இருக்காது என்று கொழுந்து எடுக்கும் அக்காமாருக்குத் தெரியும். காரணம் அதுதான். பிறகு தலவாக்கலை ஆராய்ச்சி நிலையம் தெரிந்தெடுத்த நல்ல செடிகளில் குச்சி வெட்டி, தவறணையில் வளர்த்து நடும் வி.பி. தேயிலை வந்தது. அதற்குப் பூச்சி தேவையில்லை.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். இலையைச் சுருட்டித் தின்னும் புழு ஒரு காலத்தில் நம் நாட்டுத் தேயிலைக்குப் பெரிய சேதம் செய்தது. 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுவந்து மலைகளில் விட்டார்கள். அது ஆளைக் கொட்டுகிற குளவி அல்ல. அந்தப் புழுவின் உடம்பில் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே புழுவைத் தின்றுவிடும். அந்தக் குளவி இங்கேயே நிலைத்து, புழுவை அடக்கி வைத்தது. கண்டபடி மருந்து அடித்தால் முதலில் சாவது இந்த மாதிரி நமக்கு வேலை செய்யும் பூச்சிகள்தான்.

எல்லாம் குளவி இல்லை

இப்போது பயப்பட வேண்டிய பூச்சிக்கு வருகிறேன். மலையில் கொட்டுகிற எல்லாவற்றையும் நாங்கள் குளவி என்கிறோம். ஆளைத் தெரிந்துகொண்டால்தான் தப்பவும் முடியும்.

பெரிய மலைத்தேனீ: சிங்களத்தில் பம்பர என்பார்கள். உயர்ந்த மரக்கிளையிலோ, கல்பாறையிலோ, பாலத்துக்கு அடியிலோ ஒரே ஒரு பெரிய அடையைத் திறந்த வெளியில் தொங்கவிடும். அதில் பல்லாயிரம் பூச்சி. மலையில் கூட்டமாகக் கலைந்து பலரைக் கொட்டுவது பெரும்பாலும் இதுதான். தேன்பருந்து அடையைக் கிழித்தாலோ, யாராவது கல் எறிந்தாலோ, புகை போட்டாலோ கலையும். இது பூவைத் தேடி ஊர் மாறுகிற பூச்சி. பூக்காலத்துக்கு வரும், முடிந்ததும் போகும். அடுத்த முறையும் அநேகமாக அதே மரத்துக்கே வரும்.

உண்மையான குளவி: சிங்களத்தில் தெபர. கடதாசி மாதிரிச் சாம்பல் நிறக் கூடு கட்டும். ஒரே குளவி பல தரம் கொட்டும். முள்ளை விட்டுப் போகாது.

சின்னத் தேனீ: மரப்பொந்திலும் சுவர் ஓட்டையிலும் பல அடை வைத்து வாழும். பெட்டியில் வளர்ப்பது இதைத்தான். கூட்டைக் கிளறாவிட்டால் தன் பாட்டில் வேலை செய்யும்.

கொசுத்தேனீ: கொசு அளவுதான். சுவரில் சின்னக் குழாய் மாதிரி மெழுகு வாசல் வைத்திருக்கும். இதற்குக் கொட்டவே தெரியாது.

கருவண்டு: பெரிசாக, கறுப்பாக, 'உர்ர்' என்று வந்து கூரைக் கட்டையில் துளை போடும். பார்க்கப் பயம். ஆனால் ஆண் வண்டுக்குக் கொட்ட முள்ளே இல்லை. பெண் வண்டு கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். பெசன் புரூட் பூவுக்கு இந்த உடம்புதான் சரியான அளவு. கத்தரிப் பூவை உலுக்கி மகரந்தம் கொட்ட வைப்பதும் இந்த மாதிரி வண்டுகள்தான். ஒரு காய்ந்த மூங்கில் துண்டை வேலியில் கட்டிவைத்தால் அதிலும் கூடு வைக்கும்.

மலையில் எப்படி நடப்பது?

இதை வாலிபப் பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும்.

முதலாவது, அடை கண்ட ஆள் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளக் கூடாது. எந்த நம்பர் மலை, எந்த மரம் என்று பிரட்டுக் களத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். அந்த மரத்தடியில் சிவப்புத் துணி கட்டச் சொல்லிக் கேளுங்கள். அடை இருக்கும்வரை அந்தப் பக்கம் ஆள் போடாமல் வேறு மலையில் வேலை தரும்படி வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேட்பது உங்கள் உரிமை. பயந்து பேசாமல் இருக்கக் கூடாது.

இரண்டாவது, பகலில் போய்க் கல் எறிவதும், டயர் கொளுத்துவதும் வீரம் இல்லை. நீங்கள் ஓடித் தப்பிவிடுவீர்கள். கீழ் மலையில் கூடையோடு நிற்கும் உங்கள் அம்மாவைத்தான் அது கொட்டும். அடையை அகற்றியே ஆக வேண்டுமென்றால், தெரிந்த ஆட்களைக் கொண்டு தோட்ட நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை அது.

மூன்றாவது, கலைந்து வந்துவிட்டால் கூடையை இறக்கிப் போட்டுவிட்டு ஓடுங்கள். கொழுந்து கொட்டிப்போகுதே, கிலோ குறையுதே என்று நிற்காதீர்கள். படங்கோ, கொங்காணியோ, சேலைத் தலைப்போ, எது கிடைக்குதோ அதால் தலையையும் முகத்தையும் மூடிக்கொள்ளுங்கள். சரிவில் இறங்கி விழாமல் பாதை வழியாக ஓடி, கதவு சாத்தக்கூடிய இடத்துக்குள் போங்கள். கையை வீசி அடிக்காதீர்கள். தேனீ கொட்டின இடத்தில் ஒரு வாசம் வரும். அந்த வாசம் மற்றத் தேனீக்களையும் அங்கே கூப்பிடும்.

நான்காவது, மலைத்தேனீ கொட்டினால் முள் உடம்பில் நிற்கும், விஷப்பையும் அதோடு இருக்கும். அதை உடனே எடுத்துவிடுங்கள். நகத்தால் வழித்தாலும் சரி, பிடுங்கினாலும் சரி, சுணங்காமல் எடுப்பதுதான் முக்கியம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளிர்ந்த தண்ணீர்த் துணி வையுங்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் வேண்டாம். மூச்சுத் திணறல், முகம் நாக்கு வீக்கம், தலைச்சுற்று, வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு, இதில் ஒன்று கண்டாலும் ஒரே கொட்டாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பல இடத்தில் கொட்டியிருந்தால், ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் கொண்டு போங்கள். விஷம் மெதுவாகச் சிறுநீரகத்தைத் தாக்கக் கூடும்.

ஐந்தாவது, வேலை நேரத்தில் கொட்டுப்பட்டால் அன்றைக்கே விபத்தாகப் பதியச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரித் துண்டைப் பத்திரமாக வையுங்கள். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது. கேட்கப் போகிற அன்று கையில் எழுத்து இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு வண்ணத்துப்பூச்சி

சிறகு கட்டின பிள்ளைகள் இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்டார்கள். இனி அவர்கள் பங்கு.

நம் நாட்டில் 240க்கும் மேற்பட்ட வகை வண்ணத்துப்பூச்சி உண்டு. கறுப்பு மேல் சிறகும் மஞ்சள் கீழ்ச் சிறகுமாகக் கையகலத்துக்குப் பறக்கும் ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சி நமது தேசிய வண்ணத்துப்பூச்சி. அது உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் இல்லை. நமது சிவனொளிபாத மலையைச் சிங்கள மக்கள் சமனலகந்த என்றும் சொல்வார்கள். சமனலயா என்றால் வண்ணத்துப்பூச்சி. யாத்திரைக் காலத்தில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகள் அந்த மலையைக் கும்பிடப் போகின்றன என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோகும் வேலையில் வண்ணத்துப்பூச்சி தேனீக்கு அடுத்தபடிதான். ஆனால் ஒரு வாசலில் வண்ணத்துப்பூச்சி வருகிறதென்றால், அங்கே பூ இருக்கிறது, மருந்து அதிகம் இல்லை என்று அர்த்தம். அது நமக்கு ஒரு அடையாளம்.

வீட்டுக் கறிவேப்பிலையிலோ எலுமிச்சையிலோ பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் நகரும். நசுக்கிவிடாதீர்கள். அது வண்ணத்துப்பூச்சியின் புழு. பெரிசானதும் பச்சையாக மாறும். ஒரு பழைய ஜாம் போத்தலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, தினமும் புது இலை வையுங்கள். கூட்டுப்புழுவாகி, சில வாரத்தில் ஒரு காலையில் சிறகு ஈரமாக வெளியே வரும். சிறகு காயும்வரை தொடாமல் இருந்து, பிறகு வாசலில் விட்டுவிடுங்கள். பத்து கறிவேப்பிலை இலை போனது பெரிய நட்டமா, தாய்மாரே? பாடப் புத்தகத்தில் படம் பார்த்துப் படிப்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே பார்த்துவிடும்.

வீட்டுக்கு நாலு காரியம்

விழா இன்றோடு முடிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு வீட்டையும் நாலே நாலு காரியம் கேட்கிறேன்.

ஒன்று, வாசலில் ஒரு பாய் அகலத்துக்குப் பூ. செவ்வந்தி, துளசி, செம்பருத்தி, எது கிடைக்குதோ அது. துளசியையும் கொத்தமல்லியையும் கொஞ்சம் பூக்க விடுங்கள். தேனீ தேடி வரும்.

இரண்டு, வீட்டுத் தோட்டத்துக்கு மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் காலையில் அடிக்காதீர்கள். தேனீ கூட்டுக்குப் போன பிறகு பின்நேரம் அடியுங்கள். பூவின் மேல் அடிக்கவே வேண்டாம். மருந்து டாங்கியை ஓடையில் கழுவ வேண்டாம். அந்தத் தண்ணீரைப் பூச்சியும் குடிக்கிறது, கீழ் லயத்துப் பிள்ளையும் குடிக்கிறது.

மூன்று, ஒரு சட்டியில் கூழாங்கல் போட்டு, கல் நனைய நனையத் தண்ணீர் வையுங்கள். வெயில் காலத்தில் தேனீ அதில் உட்கார்ந்து குடிக்கும். நுளம்பு வராமல் நாளுக்கு நாள் தண்ணீர் மாற்ற வேண்டும்.

நான்கு, வாலிபர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து தேனீப் பெட்டி வைக்க யோசியுங்கள். பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது. ஆள் சேர்ந்தால் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. தேன் விற்ற காசு வீட்டுக்கு, காய் பிடிப்பது லயத்துக்கே.

மே மாதம் 20ஆம் திகதியை ஐக்கிய நாடுகள் சபை 2018ஆம் ஆண்டிலிருந்து உலக தேனீ தினமாகக் கொண்டாடுகிறது. ஸ்லோவேனியா என்ற சின்ன நாடு கேட்டு வாங்கிய நாள் அது. 1734ஆம் ஆண்டு அந்த நாட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, தேனீ வளர்ப்புக்கே ஆசிரியரான அன்டன் யான்ஷா என்பவரின் நினைவாக வைத்தார்கள். உழைக்கிற குடும்பத்தில் பிறந்தவருக்குக் கிடைத்த மரியாதை என்பதால் நமக்கும் அதில் ஒரு சந்தோஷம்.

போகும்போது வாசலில் பிள்ளை மடுவ ஆயாவிடம் வீட்டுக்கு நாலு பூசணி விதை வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு சுருளில் செவ்வந்தி விதையும் வைத்திருக்கிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். முதல் காய் வெட்டுகிற வீடு எனக்கும் ஒரு துண்டு அனுப்ப வேண்டும். மறந்துவிடாதீர்கள்.